மணி காய்ஞ்சிட்டுதோ?

எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றுவரை ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் தானியத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் பிழை இராது. அதை நம்பி வாசிக்கலாம்.

போன ஞாயிறு மொண்டெல்லோ கடற்கரைக்குப் போயிருந்தோம். பெரிய கிடாரத்தில் சோளப்பொத்தி அவிந்துகொண்டிருந்தது. "அப்பா, பொல்லாங்க வேணும்," என்றாள் மகள். அவித்த சோளத்துக்குப் பலெர்மோக்காரர் வைத்த பெயர் அது. "எங்கட ஊரிலை பொல்லாங்கு சொல்லுவினம். இஞ்சை அவிச்சுத் தின்னினம்," என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டு கிட்டப் போனேன். ஆவி முகத்தில் அடித்ததும் சின்யோர் நீனோ நினைவில் வந்துவிட்டார்.

"பன்றித் தீன்," என்பார் அவர் இதைக் கண்டால். இளம் வயதில் சிசிலியிலிருந்து அமெரிக்கா போனவர். அந்த நாட்டின் நடுவில், கடலே கண்ணில் படாத ஒரு மாவட்டத்தில், பன்றிக்கும் மாட்டுக்கும் சோளம் விளைவித்தே முதுமை அடைந்தவர். மனைவி இறந்தபின் திரும்பி வந்து பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில், ஒடுங்கிய சந்தொன்றின் மூன்றாம் மாடியில் இருந்தார். ஞாபகம் தடுமாறியது. அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் வன்னியில் நெல் விதைத்தவன். அவருக்கு இத்தாலி மொழி மறந்துகொண்டு போனது, எனக்கு வந்துகொண்டிருந்தது, நடுவழியில் சந்தித்துக்கொண்டோம். அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அவர் இருந்த அமெரிக்க ஊரில் நூல் பிடித்ததுபோல நேரான தெருக்கள். ரயில் பாதையோரம் கோபுர உயரத்தில் தானியக் களஞ்சியம். அறுவடை நேரம் ஒருவன் நோயில் விழுந்தால், சுற்றியுள்ள காணிக்காரர் தங்கள் மெஷின்களோடு வந்து அவன் வயலை வெட்டிக் கொடுத்த பிறகுதான் தங்கள் வயலுக்குப் போவார்களாம். பிறகு காணியெல்லாம் சிலர் கையில் சேர்ந்தது. பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் பூட்டு, தேவாலயமும் பூட்டு. இவ்வளவையும் தெளிவாகச் சொல்வார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது.

கோடை முடியும்போது அவருக்குக் கால் நிற்காது. "சோளம் வெட்டவேணும்," என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்குவார். ஒருநாள் நான் மருந்து வாங்கப் போன நேரம் பல்லரோ சந்தைக்குள் தொலைந்துபோனார். மீன்காரர் ஒருவர் கூட்டி வந்தார். சின்யோராவுக்கு, அதாவது அவருடைய தங்கையின் மகளுக்கு, கண் கலங்கிவிட்டது. "இன்னொருக்கா வெளியிலை போனா முதியோர் இல்லத்திலைதான் விடவேணும். எனக்கு வேறை வழி தெரியேல்லை."

கதவைப் பூட்டினால் இடித்தார். வயல் இல்லை என்றால் அழுதார். வயலுக்குக் கிளம்பிய ஆளை நிறுத்த ஒரே ஒரு கேள்விதான் உண்டு. அது எனக்குத் தெரியும். வசந்தத்தில் அவர் ஆசைப்பட்டதால் பல்கனியில், பெயின்ற் வாளிகளில் சோளம் ஊன்றியிருந்தேன். அடுத்த தடவை அவர் தொப்பியை எடுத்ததும் கேட்டேன்.

"சின்யோர், மணி காய்ஞ்சிட்டுதோ?"

நின்றார். திரும்பிப் பல்கனிக்கு வந்தார். பொத்தியின் தோலை விலக்கி ஒரு மணியைக் கிள்ளி அவர் கடித்தார். ஒன்றை நான் கடித்தேன்.

"ஈரம்," என்றேன்.

"ஓம், ஈரம். நிக்கட்டும்." தொப்பி ஆணிக்குப் போனது.

இப்படியே நாட்கள் போயின. ஒருநாள் மணி பல்லுக்குக் கல்லாக நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். ஈரம் என்று சொல்லியிருக்கலாம். காய்ந்த தானியத்தை ஈரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"காய்ஞ்சிட்டுது."

"அப்ப ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? மழைக்கு முதல் முறி."

வாளிகளை ஒவ்வொன்றாக அவர் உட்கார்ந்திருந்த கதிரைக்குக் கிட்ட நகர்த்திக் கொடுத்தேன். அவர் முறித்தார். பின்னேரம் சின்யோரா வந்தபோது வீடெல்லாம் சோளத்தோல்.

"என்ன மாமா இது? உங்கட வேலைக்காரன் செய்த குப்பையோ?"

"வேலைக்காரன் இல்லை," என்றார் சின்யோர் நீனோ. "பக்கத்துக் காணிக்காரன். எனக்குச் சுகமில்லை எண்டு வெட்டித்தர வந்தவன்."

சின்யோரா கைப்பையை வைத்துவிட்டு, நிலத்தில் உட்கார்ந்து பொத்தி உரிக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு சின்யோர் நீனோ தொப்பியைத் தேடவில்லை. அறுவடை முடிந்த மனிதர் எங்கே போவார்? அந்த மாரியில் தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார்.

இப்போது அந்த வீட்டை உல்லாசப் பயணிகளுக்கு விடுகிறார்கள். வாளிகள் இருந்த இடத்தில் இரண்டு வெள்ளைக் கதிரைகள். பக்கத்து வயலும் இல்லை, பக்கத்துக் காணிக்காரனும் இல்லை.

மொண்டெல்லோவில் மகள் தன் சோளத்தை என்னிடம் நீட்டினாள். கடித்தேன்.

"ஈரம்," என்றேன்.

"அவிச்சது ஈரமாத்தானே அப்பா இருக்கும்?"

அவளுக்கு விளங்கட்டும் என்றுதான் எழுதினேன்.

பலெர்மோ, 26 ஆவணி 2018. மழை இல்லை.