சலேத்மேரியின் வலது கால்

குண்டு வெடித்தபின் என் மனைவி சலேத்மேரியின் வாய் அசைந்தது, ஒலி வரவில்லை. உறவினர் திருமணத்துக்குச் சேலை எடுக்க வேற்றூர்க் கடைவீதிக்குச் சென்றிருந்தோம். என் இடது செவிப்பறை (காதினுள் அதிரும் மெல்லிய சவ்வு) கிழிந்திருந்தது. சலேத்மேரியின் வலது பாதத்தில் கண்ணாடித் துண்டுகள் ஏறியிருந்தன. எங்கள் ஒரே மகள் மெர்சி அவ்விடத்திலேயே இறந்தாள்.

மகளை எங்கள் ஊரான திரேஸ்புரத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தபோது சலேத்மேரி மருத்துவமனையில் மயக்கத்தில் இருந்தாள். அடக்கத்தை அவள் காணவில்லை.

என் காது ஒருவாறு தேறியது. அவளுக்கோ நீரிழிவு, பாதப்புண் ஆறவில்லை. அவ்வேளையில் தேரிக்காட்டை (செம்மணல் மேடுகள் நிறைந்த நிலம்) ஒட்டிய ஒரு ஜெபவீட்டுக்குத் தெரிந்த பெண்ணொருத்தி அவளை அழைத்துச் சென்றாள். மரித்தவர் உடலோடு திரும்புவர், மருந்தைத் தொட்டவர் அவர்களைக் காணார் என்பது அங்குள்ள போதனை. இன்சுலினை (சர்க்கரையைக் குறைக்கும் ஊசிமருந்து) நிறுத்திவிட்டு அவள் அங்கேயே தங்கிவிட்டாள். போதனையை மறுக்கும் உறவினரோடு பேசலாகாது என்பதும் அவர்கள் கட்டளை. நான் சென்று நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

குண்டுவெடிப்பில் தப்பியவர்களையும் இத்தகைய சபையினரையும் நேர்காணும் பேராசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். அந்நியரோடு பேச அங்கே தடையில்லை. மனைவியோடு நேரே பேசுவதில்லை என்ற நிபந்தனையின்பேரில் நானும் உடன் அமர்ந்தேன்.

துணிக்கட்டையும் மீறிப் புண் நாறியது. விரல்கள் கறுத்திருந்தன. மருந்து ஏன் வேண்டாம் என்று பேராசிரியை கேட்டார்.

"இங்கன எல்லாரும் எம்மவ வருவான்னு சொல்லுதாக டீச்சர். அவுக ஒருத்தருதான் பொதச்சாச்சு, பொதச்சாச்சுங்காக. நான் யாருகூட இருக்க?"

'அவுக' என்றது என்னை. மகளின் மேல் முதற்பிடி மண் இட்டவன் நான். சர்க்கரையைப் பற்றியும் சீழைப் பற்றியும் எடுத்துரைக்க வழிநெடுக வாக்கியங்கள் அமைத்து வந்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டேன். பேராசிரியையிடம் சொன்னேன்:

"அவட்ட கேளுங்கம்மா. மெர்சி பஸ்ஸ விட்டு எறங்குனா, எதுக்கப் போயி கூட்டியாரக் கால் வேணுமா, வேண்டாமா?"

அவள் குனிந்து காலின் துணிக்கட்டை இறுக்கினாள். பிறகு பேராசிரியையிடம், "இப்பந்தான் புத்தி வந்திருக்கு இவுகளுக்கு. ஆஸ்பத்திரில எத்தன நாளு கெடக்கணும்னு கேளுங்க" என்றாள்.

அன்றே அழைத்துச் சென்றேன். அழுகல் எலும்பை எட்டிவிட்டது என்றார் மருத்துவர். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கால் வேண்டுமென்று சொல்லிக் கூட்டிவந்த நானே அதை எடுக்கவும் சம்மதம் சொன்னேன். அவள் உயிர் பிழைத்தாள்.

உங்கள் வீட்டிலும் மருந்தை மறுப்பவர் இருக்கலாம். அவர் நம்புவதையே நீங்களும் நம்புவதாகக் காட்டி அழைத்து வாருங்கள் என்று கூற எனக்குத் துணிவில்லை. அப்படி அவள் நம்பிக்கைக்குள் போன நான் இன்னும் வெளியே வரவில்லை. மெர்சி எப்போது வருவாள் என்று அவள் கேட்கிறாள். வந்துவிடுவாள் என்கிறேன். ஊரார்க்கு ஆண்டுகள் கழிகின்றன. எங்கள் வீட்டில் மெர்சி வருவதற்கு முந்தைய நாள்தான் நீண்டுகொண்டிருக்கிறது.

விடியற்காலையில் சலேத்மேரிக்கு மாய உறுப்பு வலி (நீக்கப்பட்ட உறுப்பில் தோன்றும் வலி) எடுக்கும். பாதத்தை அமுக்கிவிடச் சொல்வாள். போர்வை தட்டையாய்க் கிடக்கும் இடத்தில் இரு கைகளையும் வைத்து அமுக்குவேன்.

"இன்னுங் கொஞ்சம் கீழ" என்பாள்.

கையைக் கீழே நகர்த்துவேன்.