செகண்ட் ஷிஃப்ட் அணியின் ஆட்களோடு ஒரு ஞாயிறு

சனிக்கிழமை காலை

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் நூற்று முப்பது கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். தூரம் பெரிதில்லை, திம்பம் மலைதான் நேரத்தைத் தின்றுவிடும். பண்ணாரி சோதனைச் சாவடியைத் தாண்டியதும் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். அன்று ஒன்பதாவது வளைவில் கரும்பு லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட, பஸ்ஸில் இருந்தவர்கள் பாதிப்பேர் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டோம்.

பக்கத்தில் உட்கார்ந்தவர் தாளவாடிக்காரர். முட்டைக்கோஸ் போட்டிருக்கிறாராம்.

"மைசூர்ல என்னங் சோலி?"

"ஃபுட்பால் மேட்ச் பாக்கப் போறனுங்."

"அப்படியாங்? பெரிய டீமுங்களா?"

"இல்லீங். தோத்துட்டே இருக்கற டீமு."

அவர் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. என்னை அழைத்தவள் சரசக்கா, என் பெரியம்மா மகள். கர்நாடக எல்லைக்குள் ஹனூர்ப் பக்கத்து ஊரில் பிறந்தவள், கல்யாணமாகி மைசூருக்குப் போனாள். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை. மச்சான் கட்டட மேஸ்திரி, பெங்களூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். ஒரே மகன் பிரபு அதே தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறான்.

அக்கா ஒவ்வொரு வருடமும் மேட்ச் பார்க்கக் கூப்பிடுவாள், நான் ஏதாவது சாக்குச் சொல்வேன். இந்த முறை போனில் அவள் குரலே வேறாக இருந்தது. "இந்த வாட்டி நீ வந்தே ஆகோணும் கண்ணு. புது கோச்சு, புது பசங்க, எல்லாமே புதுசு. இனிமே நம்ம டீம் பழைய மாதிரி இல்ல."

மைசூர் வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. சிட்டி பஸ் ஸ்டாண்டில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு காபி குடித்துவிட்டு ஹெப்பாள் பஸ்ஸில் ஏறினேன். பெண்கள் ஆதாரைக் காட்டிக் காசில்லாத டிக்கெட் வாங்கினார்கள், நான் காசு கொடுத்து வாங்கினேன். ஊரின் அகலமான சாலைகளும் மரங்களும் மெல்லப் பின்னுக்குப் போய், காம்பவுண்டுச் சுவர்களும் புகைக்கூண்டுகளும் வந்தன. பெரிய ஐ.டி. கம்பெனியின் வெள்ளைப் பஸ்கள் வரிசையாக எதிரே வந்துகொண்டிருந்தன.

சனிக்கிழமை மாலை

அந்த அணியின் பெயர் செகண்ட் ஷிஃப்ட் எஃப்.சி. அதற்குக் காரணம் உண்டு. மத்தியான ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்குக் காலை நேரம் ஓய்வு. அந்த நேரத்தில் கூடி ஆடிய தொழிலாளிகள் ஆரம்பித்த அணி இது. நீலச் சட்டை, மஞ்சள் கை. ஒரு காலத்தில் பெங்களூர் அணிகளே இவர்களோடு மோதத் தயங்குமாம். பிறகு ஒரு தொழிற்சாலை மூடப்பட்டது, இன்னொன்றில் ஆள் குறைத்தார்கள். நன்றாக ஆடியவர்கள் வேலை கிடைத்த ஊருக்குப் போனார்கள். அணி ஒவ்வொரு டிவிஷனாக இறங்கி, கடைசி டிவிஷனுக்கு வந்து சேர்ந்தது. அதற்குக் கீழே இறங்க வேறு இடமில்லை. ஒரு சீசனில் பதினொரு பேர் சேராமல் ஒன்பது பேரை வைத்து ஆடியிருக்கிறார்கள். கடைசியாக எப்போது ஜெயித்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

ஆனாலும் பார்க்க வருகிறவர்கள் நிற்கவில்லை. கேன்டீன் பெண்கள், லேத்காரர்கள், பெயின்ட் ஷாப் ஆட்கள், தமிழர்களும் கன்னடக்காரர்களுமாக ஐம்பது அறுபது பேர். மழையோ வெயிலோ, மைதானத்தின் கிழக்கு ஓரத்து மண்மேட்டில் உட்கார்ந்திருப்பார்கள். சரசக்காவும் அவர்களில் ஒருத்தி. பிரபு ஆட ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே அவள் போகிறாள். கேன்டீனில் தன் கையால் பரிமாறியவர்கள் ஓடுவதைப் பார்க்கத்தான் முதலில் போனாளாம்.

பிரபு அணியின் கேப்டன். கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுத்தாடுகிற பேக். எல்லாரும் விட்டுப்போன வருடங்களில் நின்றவன் அவன். பெங்களூரில் ஒரு கிளப் கூப்பிட்டபோதுகூட, "நானும் போயிட்டா டீம் இல்ல" என்று இங்கேயே இருந்துவிட்டான்.

இப்போது வசதியானவர்கள் இருக்கும் பக்கத்து விஜயநகரில் சில குடும்பங்கள் நடத்தும் பயிற்சிக் குழு ஒன்று இந்த அணியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழக அணியில் ஆடிய சௌம்யா என்ற பெண்தான் கோச். பெயரையும் சட்டை நிறத்தையும் மாற்றுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஹெப்பாளில் எல்லாரும் நிமிர்ந்து நடந்தார்கள். டீக்கடையில்கூட, "இனி நம்ம காலம்" என்று ஒருவர் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரபு வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். "வாங் மாமா" என்று என் பையை எடுத்து உள்ளே வைத்தான். சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா களியும் கீரைக் குழம்பும் வைத்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்.

"அம்மா, நாளைக்கு நான் ஆடல."

"ஏன், மறுபடி முட்டி வலியா?"

"முட்டிதான். ஆனா நாளைக்கு மட்டும் இல்ல. கோச் என்னைக் கூப்புட்டு உக்கார வெச்சு நேரா சொல்லிட்டாங்க. இந்த சீசன் டீம்ல நான் இல்ல."

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"நீ இல்லாம என்ன டீமு?"

"பேஜார் பண்ணிக்காதம்மா. அவங்க பொய் சொல்லல. போன வருஷம் என்னைத் தாண்டிப் போய்த்தானே எல்லாரும் கோல் போட்டாங்க? எனக்குத் தெரியாதா? கூட இருந்து பசங்களைப் பாத்துக்கன்னு கேட்டாங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

அக்கா அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவன் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, சாப்பிடவும் இல்லை.

ஞாயிறு, மதியம்

காலைக்குள் சேதி ஹெப்பாள் முழுக்கப் பரவிவிட்டது. ஆட்டத்துக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கூடும் டீக்கடை முன்னால் நாங்கள் போனபோது ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. நடுவில் சிவண்ணா நின்றிருந்தார். ரிட்டயரான லேத்காரர், கன்னடக்காரர். ஒவ்வொரு ஆட்டத்திலும் தமட்டை அடிப்பவர் அவர்தான். நம் பறை போன்ற வாத்தியம் அது. தமிழர்களோடு வேலை செய்து செய்து தமிழும் அவருக்கு வசமாகிவிட்டது.

"சரசம்மா, நாங்க பேசி முடிச்சாச்சு. வருவோம், உக்காருவோம். கை தட்ட மாட்டோம். இது அடிக்க மாட்டேன்" என்று தமட்டையைக் காட்டினார். "பிரபுவை வெளிய வெச்ச டீமுக்கு நம்ம சத்தம் எதுக்கு?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் சரி என்று சொல்வாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"என்ற பையனுக்காக நீங்க இத்தனை பேரு கோவிச்சுக்கறது எனக்குப் பெரிசுதானுங் சிவண்ணா" என்றாள். "ஆனா நான் அவனுக்காகப் போக ஆரம்பிக்கல. டீமுக்குத்தான் போனேன். இன்னைக்கும் அதுக்குத்தான் போறேன். தட்டறதும் தட்டாததும் உங்க இஷ்டமுங்."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். நானும் கூடவே போனேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன்.

ஞாயிறு, மாலை

மைதானம் தொழிற்சாலைச் சுவர் ஒன்றை ஒட்டி இருக்கிறது. புல் அங்கங்கே மட்டும், மீதி செம்மண். எதிரணி நஞ்சன்கூட்டிலிருந்து ஒரு வேனில் வந்திருந்தது. மேற்குப் பக்கம் விஜயநகர்ப் பெற்றோர்கள் கார்களை நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கிழக்குப் பக்க மண்மேட்டில் நாங்கள். நடுவே நீலச் சட்டைப் பையன்கள், எல்லாம் கல்லூரி வயது. பிரபு சாதாரணச் சட்டையில் எல்லைக் கோட்டருகே தண்ணீர் பாட்டில்களோடு நின்றிருந்தான்.

ஆட்டம் ஆரம்பித்தது. நான் அதிகம் ஃபுட்பால் பார்த்தவன் இல்லை. ஆனால் ஐம்பது பேர் வேண்டுமென்றே வாய் மூடி உட்கார்ந்திருக்கும் மைதானம் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது. பந்தை உதைக்கும் சத்தம், ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்கும் சத்தம், சுவருக்கு அப்பால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம், எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. பையன்கள் அடிக்கடி எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். செகண்ட் ஷிஃப்ட் கூட்டத்தைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவோ சொல்லியிருப்பார்கள் போல. ஒரு நல்ல பாஸ் போனது, யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த பாஸ் தவறியது. பாதி ஆட்டம் முடியும் நேரத்தில் நஞ்சன்கூட்டுக்காரர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள்.

எங்கள் கோல்கீப்பர் பையன் வலைக்குள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

மேட்டில் யாருக்கும் சந்தோஷமில்லை. "பிரபு இல்லாமல் என்ன ஆச்சு பார்த்தாயா" என்று சொல்லிக்கொள்ளக்கூட ஆளில்லை. அக்கா மட்டும் மடியில் கை வைத்தபடி மைதானத்தையே பார்த்திருந்தாள்.

இடைவேளை விசில் ஊதியதும் பிரபு மைதானத்தைக் குறுக்கே கடந்து எங்கள் பக்கம் வந்தான். லேசாக நொண்டினான். நேராக சிவண்ணாவின் முன்னால் வந்து நின்றான்.

"ஏன் அண்ணா அடிக்கல?"

"உனக்காகத்தான்."

"நான் ஆடுனப்போ எத்தனை மேட்ச் தோத்தோம்? அத்தனைக்கும் அடிச்சீங்க. ஒன்பது பேரா நின்னு ஆறு கோல் வாங்குன அன்னைக்கும் அடிச்சீங்க. அந்தச் சத்தம் இருந்ததாலதான் நான் மறுநாள் ஷூ மாட்டுனேன். இந்தப் பசங்க என்ன தப்புப் பண்ணாங்க?"

சிவண்ணா தமட்டையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் வெளிய நிக்கறது எனக்கு வலிக்குதுண்ணா" என்றான் பிரபு. "ஆனா இந்த மைதானத்துல சத்தமே இல்லாம இருக்கறது அதைவிட வலிக்குது."

அவன் திரும்பி நடந்தான். அம்மாவைக் கடக்கும்போது அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போனான்.

சிவண்ணா எழுந்தார். மேட்டுக்குப் பின்னால் காய்ந்த சருகுகளையும் பழைய பேப்பரையும் குவித்துத் தீ வைத்தார். தமட்டையின் தோலைத் தீயில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். குளிர்ந்து தொய்ந்த தோல் சூடேறி இறுகினால்தான் சத்தம் எடுக்கும். இரண்டாம் பாதிக்கு அணிகள் இறங்கியபோது முதல் அடி விழுந்தது.

அந்தப் பையன்கள் திரும்பிப் பார்த்த விதத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. மேடு முழுவதும் எழுந்து நின்றது. கேன்டீன் பெண்கள் கையைத் தட்டி ஒரே குரலில் "ஷிஃப்ட்! ஷிஃப்ட்!" என்றார்கள். நானும் எழுந்து நின்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கார்னர் கிடைத்தது, நெட்டையான பையன் ஒருவன் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினான். ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொரு கோல். ரெஃப்ரி விசில் ஊதினார். செகண்ட் ஷிஃப்ட் ஜெயித்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்காது. மேட்டில் இருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தோற்ற பிறகு எப்படி எழுந்து, புடவை மண்ணைத் தட்டி, "அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லி வீட்டுக்கு நடப்பது என்பது அவர்களுக்குப் பழக்கம். ஜெயித்த பிறகு என்ன செய்வார்கள்? சிலர் சிரித்தார்கள், சிலர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பெயின்ட் ஷாப் ஆள் ஒருவர் சட்டைக் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நடு மைதானத்தில் படம் எடுத்தார்கள். கோச் சௌம்யா கையசைத்துப் பிரபுவைக் கூப்பிட்டார். அவன் சிரித்து, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மேட்டுக்கு வந்தான். எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றான். இத்தனை வருடத்தில் இந்தப் பக்கம் அவன் உட்கார்ந்ததே இல்லை. சரசக்கா நகர்ந்து இடம் விட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்கல்லாம் எப்ப வருவீங்க?" என்று கேட்டான்.

"மேட்ச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி" என்றார் சிவண்ணா. "சுள்ளி பொறுக்கணும். நீயும் பொறுக்கு."

திங்கள்கிழமை

காலையில் பிரபு வேலைக்குப் போய்விட்டான். அக்கா லீவு சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். சாமராஜநகர் வழி பஸ் கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது.

"கஷ்டமா இருக்குதாக்கா?"

"இல்லாமயா? ஜெயிக்கோணும் ஜெயிக்கோணும்னு இத்தன வருஷம் வேண்டுனனே, அந்த ஜெயம் அவன் காலால வரும்னு நெனச்சிருந்தேன். ரெண்டாவது கோலுக்கு நாந்தான் எல்லாத்துக்கும் முந்தித் தட்டுனேன் தெரியுமா? தட்டிட்டுத்தான் அவன் மொகத்தைப் பாத்தேன். அவனும் தட்டிட்டிருந்தான்."

பஸ் நஞ்சன்கூடு தாண்டி வயல்களுக்கு நடுவே வந்தபோது எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரிலும் விளையாட்டு ரசிகர்களுக்குப் பஞ்சமில்லை. டீக்கடை டிவியில் எந்த நாட்டு அணி கோப்பை வாங்கும்போல் இருக்கிறதோ அந்த அணிச் சட்டையை வாங்கிப் போடுகிறோம், அடுத்த வருடம் வேறு சட்டை. நானும் அப்படித்தான். அதில் பாவமொன்றும் இல்லை. ஆனால் நாங்கள் ஒரு ஜெயத்துக்காக எதையும் இழந்ததில்லை, அதனால் எந்த ஜெயமும் எங்களை அழவைத்ததும் இல்லை.

அடுத்த ஞாயிறு மாலை நானே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"தோத்துட்டோம் கண்ணு" என்றாள். குரலில் சோர்வே இல்லை. "பரவால்ல, பசங்க நல்லாத்தான் ஆடுனாங்க."

"பிரபு என்ன முடிவு பண்ணுனான்? கோச்சு கூட இருக்கானா?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்னு அவங்ககிட்டச் சொல்லிட்டான். இந்த வருஷம் எங்ககூடத்தான் உக்காருவானாம்."

"அவன்கிட்டக் குடு, பேசறேன்."

"எங்க பேசறது? கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சு. இப்பத்தான் வெந்நீரு வெச்சுக் குடுத்திருக்கேன்."