தறிக்கு ஒரு பதில்

நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக் கொடுப்பவள். என் கணவர் பட்டு நெய்பவர். எனக்கு ஞாயிறு விடுமுறை. அவருக்குத் தறி நிற்பது அமாவாசைக்கு மட்டும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து சும்மா இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால், அமாவாசைக்குப் பதில் மாதத்தின் முதல் ஞாயிறு விடலாமா என்று நெசவாளர் சங்கத்தில் பேச்சு எழுந்ததும், கருத்துக் கேட்கும் வேலையை முந்திக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

நாங்கள் இருக்கும் செவிலிமேட்டில் புது வீடுகள், வேலைக்குப் போகும் மனைவிமார் அதிகம். ஊருக்குள் பழைய நெசவுத் தெரு அப்படியல்ல. தெருவைவிட செவிலிமேட்டில் ஞாயிறு கேட்பவர்கள் நிஜமாகவே அதிகம் என்றால் எங்கள் பக்கம் மட்டும் ஞாயிறு, இல்லையென்றால் எல்லோருக்கும் அமாவாசையே என்றது சங்கம்.

வீடு வீடாகப் போனேன். செவிலிமேட்டில் பத்துக்கு ஏழு பேர் ஞாயிறு என்றார்கள், தெருவில் பத்துக்கு ஐந்து. வேறு ஆட்களைக் கேட்டிருந்தால் இந்த வித்தியாசம் காணாமல் போயிருக்குமா என்று புள்ளியியல் சோதனை போட்டுப் பார்த்தேன். தற்செயலாக இவ்வளவு வருவது அபூர்வம் என்று விடை வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதல் ஞாயிறு இருவருமாகத் திருப்புட்குழி கோயிலுக்கு என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்த கணவர் தாள்களைப் புரட்டினார்.

“ஒரு தறில உக்கார்ற ரெண்டு பேரையும் கேட்டிருக்கியா?”

“ஆமா. ரெண்டு பேரும் நெய்றவங்கதானே?”

“சேலைக்குக் கரைய சேத்து நெய்றப்போ ஒரே பலகைல உக்காந்துகினு, ஒருத்தர் கையப் பாத்து ஒருத்தர் நூல் நாடாவ வுடணும். ஆளுக்கு ஒண்ணா மாத்திச் சொல்லிட்டு அப்புறம் எப்டி நெய்றது? என் கூட உக்கார்றவரு ஞாயிறுன்னாரு, நானும் ஞாயிறுன்னேன்.”

“அப்போ நீங்களா ஞாயிறு கேக்கலையா?”

“கேட்டிருப்பேன். அவரு முந்திகினாரு.”

ஒருவர் பதில் இன்னொருவர் பதிலைச் சார்ந்திருக்கக் கூடாது என்று வருஷா வருஷம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். ஆனாலும் அவர்மேல்தான் கோபம் வந்தது. பேசாமல் சாப்பிடுங்கள் என்றேன்.

அப்படியே கொடுத்துவிட்டால் சங்கத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ஆசையும் வந்தது, மறைக்கவில்லை. மறுநாள் காலையில் தறிக்கு ஒரு பதில் என்று வைத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டேன். அதே ஏழு, அதே ஐந்து. ஆனால் பதில்களின் எண்ணிக்கை பாதியாகிவிட்டதால், இது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றது சோதனை. அதையே எழுதிக் கொடுத்தேன்.

“அப்போ ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்ற?” என்றார் சங்கத் தலைவர்.

“இல்லைங்க. வேற வேறன்னு சொல்றதுக்கு இது பத்தல. இன்னும் நெறைய தறியில கேக்கணும்.”

“அதெல்லாம் ஆவாதுமா. அமாவாசையே இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணவர் காபி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அடுத்த அமாவாசை என்னா கிழமை?”

“வியாழக்கிழமை.”

“உங்க காலேஜ்ல கேட்டா லீவு குடுக்க மாட்டாங்களா?”

ஆறு வருஷமாக அவருடைய விடுமுறையை மாற்றவே வழி தேடியிருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. சிரித்துச் சிரித்துக் காபி புரையேறிவிட்டது. அன்றைக்கே விடுப்புக் கடிதம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் ‘அமாவாசை’ என்று போட்டேன்.