போடிமெட்டில் ஒரு பாஸ்போர்ட்

போலந்தில் நான் சேர்ந்த முதுகலைப் படிப்பின் பெயரை அப்பா ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. சர்வதேச உறவுகள், அதிலும் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் விழுந்த பிறகு கிழக்கு ஐரோப்பாவில் நடந்த அரசியல், கூடவே சர்வதேசச் சட்டம். போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிற மனிதர், ஏல மையத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நல்ல காய் வேறு யார் கைக்காவது போய்விடும். அதனால் சுருக்கிவிட்டார். "பாப்பா நாடுகளோட பஞ்சாயத்தப் படிக்குது." அதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று யாராவது இழுத்தால், "பஞ்சாயத்து இல்லாத நாடு எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

அங்கே எனக்கு முதலில் சிநேகிதமானவள் ஒரு ஜார்ஜியாக்காரி. விடுதிச் சமையலறையில் பெரிய சிவப்பு பீன்ஸை வேகவைத்து, அதில் மல்லியும் வெந்தயமும் பொடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனைக்கு நான் என் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். வந்து நின்ற என்னிடம் பெயர்கூடக் கேட்காமல் ஒரு கரண்டியை நீட்டினாள். அன்றிலிருந்து வகுப்பிலும் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான்.

பக்கத்தில் உட்கார்ந்தோமே தவிர ஒத்துப்போனோம் என்று சொல்ல முடியாது. முதல் ஆண்டின் நடுவில் ஒரு நாள், சோவியத் ஒன்றியம் கலைந்தபோது எல்லைகளுக்கு என்ன ஆயிற்று என்று பாடம் நடந்தது. உள்ளே இருந்த குடியரசுகளைப் பிரித்த நிர்வாகக் கோடுகள் அப்படியே நாட்டு எல்லைகள் ஆகிவிட்டன. சட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆளாளுக்குப் புதுக்கோடு கேட்க ஆரம்பித்தால் சண்டை ஓயாது என்பதுதான் காரணம். ஆனால் அந்தக் குடியரசுகளுக்குள்ளே தன்னாட்சிப் பகுதிகளைப் பிரித்த சின்னச் சின்னக் கோடுகளுக்கு அந்த மரியாதை கிடையாது. நான் கை தூக்கிக் கேட்டேன்: "பெரிய கோட்டையும் சின்னக் கோட்டையும் ஒரே அரசாங்கம்தானே வரைந்தது? ஒன்று எல்லையாகலாம், இன்னொன்று ஆகக்கூடாது என்றால் எப்படி?"

பதில் ஆசிரியையிடமிருந்து வரவில்லை. என் தோழியிடமிருந்து வந்தது. நாற்காலியைத் திருப்பிப்போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தே பேசினாள். மணி அடித்தும் நாங்கள் நிறுத்தவில்லை. ஆசிரியை கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, "கடைசியில் போகிறவர் விளக்கை அணைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாக்குவாதம் டிராமில் ஏறி, விடுதிப் படியேறி, சமையலறைக்கு வந்தது. அங்கேதான் அவள் குரல் இறங்கியது.

"நீ சொல்ற சின்னக் கோடு எங்க ஊர் வழியாத்தான் போகுது. முன்னாடி அது வரைபடத்துல மட்டும் இருந்துச்சு. ஒரு காலையில ரஷ்ய ராணுவக்காரங்க வந்து வயலுக்கு நடுவுல முள்கம்பி போட்டாங்க. எங்க சித்தியோட வீடு இந்தப் பக்கம். ஆப்பிள் தோட்டம் அந்தப் பக்கம்."

நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். கரண்டியை அவளிடமிருந்து வாங்கினேன். பீன்ஸ் அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டிருந்தேன். பிறகு அவளே, "இதனால உன் கேள்வி தப்புன்னு ஆயிடாது. நாளைக்குப் பதிலோட வர்றேன்" என்றாள். வந்தாள். ஒரு வாரம் ஓடியது அந்தச் சண்டை.

ஆகஸ்டில், அங்கத்திய கோடை விடுமுறைக்கு நான் ஊருக்குக் கிளம்பியபோது, நீ சொல்லும் மலையைப் பார்க்க வேண்டும் என்று அவளும் பின்னாலேயே போடிக்கு வந்து சேர்ந்தாள். ஏலக்காய் அறுவடை நேரம். எங்கள் தோட்டம் மலைக்கு மேலே, பூப்பாறைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கிறது. காய் எடுக்கிற பெண்கள் காலையில் போடியிலிருந்து ஜீப்பில் ஏறிப்போய் சாயந்தரம் திரும்புவார்கள். நாங்களும் அதே ஜீப்பில் இடித்துக்கொண்டு ஏறினோம். ஜீப்பு ஓட்டுகிற அண்ணன், "வெரசா ஏறுங்க, வெரசா" என்று சத்தம் போட்டதைக் கேட்டு, அவளும் "வெரசா, வெரசா" என்று சொல்லிப் பார்த்தாள். ஜீப்பே சிரித்தது.

கொண்டை ஊசி வளைவுகளில் மேகம் உள்ளே வந்து போனது. போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றதும் தோழியின் முகம் மாறிவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, எட்டிப் பார்த்த காவலரிடம் இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் பாவம், மழைக்கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, மரியாதைக்கு நாலு பக்கம் புரட்டினார்.

"எந்த ஊரும்மா இது?"

"ஜார்ஜியா" என்றேன்.

"அமெரிக்காவா?"

"இல்ல சார், இது தனி நாடு. ரஷ்யாவுக்குக் கீழ."

என்ன சொன்னாய் என்று தோழி கேட்டாள். மொழிபெயர்த்தேன். "கீழே இல்லை. பக்கத்தில். அவரிடம் திருத்திச் சொல்" என்றாள். சொன்னேன். வரைபடத்தில் தெற்கே என்ற அர்த்தத்தில் சொன்னதை நான் விளக்குவதற்குள், காவலர் முந்திக்கொண்டு, "சரிம்மா, பக்கத்துலதான். மனசுல வச்சுக்கிர்றேன்" என்று பாஸ்போர்ட்டைத் திருப்பி நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "முத்திரை?" என்று கேட்டாள். ஒரே முறை நுழையும் விசா அவளுடையது. தமிழ்நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர விடுவார்களா என்று மலை அடிவாரத்திலிருந்தே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"முத்திரையெல்லாம் கெடையாது தாயி. லோடு ஏத்திட்டு வந்தாத்தான் பேப்பர் கேப்போம். நீங்க போயிட்டு வாங்க."

நான் மொழிபெயர்த்துச் சொன்னதை அவள் நம்பவில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு இறங்கினாள். கேரளா வரவேற்கிறது என்ற பலகையைத் தாண்டி நடந்தாள். நின்று திரும்பிப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. தமிழ்நாட்டுக்கு வந்தாள். மறுபடியும் போனாள். மூன்றாவது தடவை சின்ன ஓட்டமாகவே ஓடினாள். டீக்கடையில் நின்றவர்கள் கண்ணாடி டம்ளரோடு வேடிக்கை பார்த்தார்கள்.

ஜீப்பில் என் பக்கத்தில் இருந்த அக்கா, "என்னத்தையும் தொலைச்சிருச்சா அந்தப் புள்ள?" என்று கேட்டார். கம்பியையும் சித்தியின் தோட்டத்தையும் பற்றி எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

"அப்ப அந்தப் பழத்தையெல்லாம் யாரு பறிக்கிறா?" என்றார் அந்த அக்கா.

மூச்சு வாங்க வந்து ஏறிய தோழியிடம் அதைக் கேட்டேன். "தெரியல" என்றாள். "பூக்கிறது மட்டும் தெரியும். சித்தி கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பாப்பாங்க." அந்த அக்கா கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்.

அன்றைக்கு முழுக்க தோழி அவர்களோடு காய் எடுத்தாள். செடியடியில் குனிந்து, முற்றியதை விட்டுவிட்டுப் பிஞ்சாகப் பார்த்துப் பறித்துப் போட்டாள். கங்காணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "விருந்தாளின்னு பாக்குறேன். இல்லைனா அடுத்த எடுப்புக்குச் செடியில ஒண்ணும் மிஞ்சாது" என்று முறையிட்டார். காலில் ஏறிய அட்டையை அவள் அலறாமல் கண்ணருகே தூக்கிப் பார்த்தாள். அலறியது நான்தான். மலையில் வளர்ந்தவள் நானா அவளா என்று பெண்கள் மாலைவரை கேலி செய்தார்கள்.

எனக்கு மட்டும் அந்த அக்காவின் கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றது. பெயரை மாற்றிக்கொண்டு தேர்தலில் நின்ற பழைய கம்யூனிஸ்ட் கட்சிகளைப் பற்றி ஆய்வேடு எழுதுவதாக இருந்தேன். போலந்துக்குத் திரும்பியதும் அதை விட்டுவிட்டு, எல்லை வந்து நிலத்திலிருந்து பிரித்துவிட்ட விவசாயிகளுக்குச் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது என்று தேடினேன். பழைய ஒப்பந்தங்கள் சிலவற்றில், அந்தப் பக்கம் போய்விட்ட வயலை உழவும் அறுக்கவும் கடந்து போகலாம் என்று ஒரு சின்னப் பிரிவு ஒளிந்திருப்பதைக் கண்டபோது நூலகத்தில் மேசையைத் தட்டிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோடு யாருடையது என்பதில் ஓயாமல் மோதிய நாங்கள், அதை யார் கடக்கலாம் என்பதில் ஒன்றாகிவிட்டோம். அதிலும் பாதிதான். என் அத்தியாயம் ஒவ்வொன்றையும் அவள் சிவப்பு மையால் நனைத்துத்தான் திருப்பித் தந்தாள். ஆய்வேடு தேறியது. அவளுடையது என்னுடையதைவிட நன்றாகவே தேறியது.

இப்போது நான் மதுரையில் ஒரு கல்லூரியில் இதே பாடத்தை நடத்துகிறேன். வாரக் கடைசியில் ரயிலேறிப் போடிக்கு வந்துவிடுவேன். அவள் தன் நாட்டில், கம்பியோரக் கிராமத்துக்காரர்களுக்காக வழக்கு நடத்துகிறாள். சித்தியின் தோட்டம் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை முதல் பத்தியிலேயே முட்டிக்கொண்டு, போனில் நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து வந்துவிட்டார்.

"யாரோடடி சண்டை?"

"சண்டை இல்லம்மா. கட்டுரை எழுதுறோம்."

"எழுதுறதுக்கா இம்புட்டுச் சத்தம்?" என்றவர், போனை என் கையிலிருந்து வாங்கி, "சாப்டியாத்தா?" என்று தமிழிலேயே அவளிடம் கேட்டார்.

"சாப்ட்டேன்மா" என்று பதில் வந்தது.