பத்தாவது படிவம்

நிலவழகனைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புதுக்கோட்டையில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் பதினான்கு வருடமாக போன் எடுக்கிறவள் நான், ஷர்லி. அவர் அங்கே மெக்கானிக், அரிமளத்துக்காரர். முந்நூறு அடி ஆழத்தில் கிடக்கிற மோட்டாருக்கு என்ன கோளாறு என்று மேலே நின்று மீட்டரை வைத்தே சொல்லிவிடுவார். மனிதரிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

சரி, பேசாமலாவது இருந்து தொலைக்கலாம் அல்லவா? ஆவூரில் என் சித்தப்பா வீட்டுக்கு மோட்டார் பார்க்கப் போனவர், "எந்த மடப்பய மாட்டுனது இத?" என்று கேட்டார். மாட்டியது சித்தப்பாவேதான். அன்றைக்குச் சித்தப்பா போனில் போட்ட சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது.

"மோட்டார் ஓடுதா சித்தப்பா?" என்றேன்.

"அதெல்லாம் ஓடுது. ஆனா அந்த ஆள இனிமே இங்கிட்டு அனுப்பாத!"

வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி என்னைத் திட்டுவார்கள். வேலை செய்வது அவர், வசவு வாங்குவது நான்.

போன தை மாதம் அவருக்கு வலது தோள் போய்விட்டது. இனிமேல் போரிலிருந்து பைப்பு இழுத்தால் கையே மேலே வராது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வேலை காலியானது. தூக்குகிற வேலை கிடையாது. ஆட்களை அனுப்ப வேண்டும், வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டும், அவ்வளவுதான். அது கிடைக்காவிட்டால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மனிதர் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

போட்டிக்கு நின்றவன் அருண்குமார். சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. கெப்பாசிட்டர் மாற்றுவதற்கே இரண்டு முறை யூடியூப் பார்ப்பான். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும், "என்னம்மா, சாப்பிட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டேதான் படியேறுவான். திருப்தி என்று வாடிக்கையாளர்கள் கையெழுத்துப் போட்ட படிவங்கள் அவனிடம் ஒரு கட்டு இருந்தன. நிலவழகனிடம் ஒன்றுகூடக் கிடையாது.

மேனேஜர் உதயசூரியன் நியாயமானவர். திருச்சியிலிருந்து ஒருவரை வரவழைத்து எல்லா மெக்கானிக்குகளுக்கும் இரண்டு நாள் சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பு நடத்தினார். கடைசியில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். "நிலவழகன், மாசக் கடைசிக்குள்ள பத்து படிவம் கொண்டாங்க. சூப்பர்வைசர் நீங்கதான். ஒண்ணு கொறஞ்சாலும் அருண்குமார்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அட்டையில் ஐந்து வரிகள் இருந்தன. சிரித்த முகத்துடன் வணக்கம் சொல்லவும். வாடிக்கையாளர் சொல்லி முடிக்கும்வரை கேட்கவும். கோளாறைப் புரியும்படி விளக்கவும். படிவத்தில் கையெழுத்து வாங்கவும். மீண்டும் வருகிறோம் என்று சொல்லி விடைபெறவும்.

தினமும் டீ நேரத்தில் நான் அவரைப் பிடித்து உட்காரவைத்தேன். "சிரிங்கண்ணே" என்றால் பல்வலிக்காரர் டாக்டரிடம் வாயைத் திறப்பதுபோலத் திறப்பார். மாதாவே, நான் பட்ட பாடு! இரண்டாவது வரி வந்தபோது மட்டும், "இத விடுங்க, வாயே தெறக்காத ஆளுக்குக் கேக்கச் சொல்லியா குடுக்கணும்?" என்று தாண்டிவிட்டேன்.

எப்படியோ மாதக் கடைசி நாளுக்கு முன்னால் ஒன்பது படிவம் சேர்ந்துவிட்டது. கடைசி நாள் காலையில் திருவரங்குளத்திலிருந்து சேரன் என்று ஒருவர் கூப்பிட்டார். மோட்டார் ஓடவில்லை, அவசரம் என்றார். உடனே பதிந்து, நிலவழகனை அனுப்பிவைத்தேன். "அண்ணே, பத்தாவது. சொதப்பிராதீங்க."

சாயங்காலம் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் சேறு, வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. படிவம் அப்படியே வெள்ளையாக இருந்தது.

"கையெழுத்து எங்கண்ணே?"

"வாங்கலம்மா."

"ஏன்?"

"வாங்கத் தோணல."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு மாதம் தொண்டை வற்றக் கத்தியது எதற்கு? "நீங்கள்லாம் திருந்தவே மாட்டீங்க. போங்க, போய் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லுங்க" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு அருண்குமாருக்கு சூப்பர்வைசர் ஆர்டர் கொடுப்பதாக இருந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. ஒன்பது மணிக்கே சேரனைக் கூப்பிட்டு, வேலை திருப்தியா, போனிலேயே சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

"அவரு பேருகூடத் தெரியலைங்க" என்றார் அவர். "நேத்து எங்கப்பா தவறிட்டாரு. கொளத்துல ஏதுங்க தண்ணி, போர்த் தண்ணியிலதான் குளிப்பாட்டணும். ஒங்க ஆளு வந்தாரு, பந்தலப் பாத்தாரு, ஒண்ணும் கேக்கல. எங்க பங்காளிப் பயலுக நாலு பேரச் சேத்துக்கிட்டு அவரும் சேந்து பைப்ப இழுத்தாரு. தண்ணி வந்ததும் அப்பா கால்மாட்டுல கொஞ்ச நேரம் நின்னாரு. சொல்லாமப் போயிட்டாரு."

எழவு வீட்டில் யார் வணக்கம் சொல்வார்கள்? போய்வருகிறேன் என்று எவனாவது சொல்வானா? "எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேங்க, சார்" என்றேன்.

"ஒங்ககிட்ட சொன்னேனேம்மா."

எங்கள் கம்பெனியில் எல்லா அழைப்பும் பதிவாகும். தேடி எடுத்துப் போட்டுக் கேட்டேன். "மோட்டார் ஓடலைங்க. ரொம்ப அவசரம். வீட்டுல அப்பா விடியக்கால…" என்று உடைந்த குரல். அதை வெட்டிக்கொண்டு என் குரல், தேன் ஒழுக ஒழுக: "கவலைப்படாதீங்க சார், ஒங்க புகாரப் பதிவு பண்ணிட்டோம். உங்களுக்கு இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்."

பதினான்கு வருடமாக அந்த வரியை யாரிடம் எல்லாம் சொன்னேனோ.

அந்தப் பதிவை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேசையில் வைத்து, அவரைக் கேட்கவைத்தேன். இரண்டு முறை கேட்டார். சேரன் சொன்னதையும் சொன்னேன்.

"அருண்குமார அனுப்பியிருந்தா?" என்றார்.

சாப்பிட்டீங்களா என்று சிரித்துக்கொண்டே அவன் அந்தப் பந்தலுக்குள் நுழைவது எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிந்தது.

ஆர்டரில் அருண்குமார் பெயரை அடித்துவிட்டு நிலவழகன் பெயரை எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். "அடுத்த வாரம் திருச்சியில கிளாஸ் இருக்கு, ஷர்லி. போயிட்டு வாங்க."

நான் வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். விஷயம் தெரிந்து நிலவழகன் வந்து நின்றார். ஒரு நன்றி கிடையாது, சிரிப்பு கிடையாது. சட்டைப் பையிலிருந்து கிரீஸ் படிந்த அந்த அட்டையை எடுத்து என் போன் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டாவது வரிய மட்டும் படிங்க, ஷர்லிம்மா. மத்ததெல்லாம் ஒங்களுக்கு நல்லாத்தான் வருது."