குவைத்துத் தொட்டில்

ஹஃபீலா பதினொரு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுக் கற்பிட்டிக்குத் திரும்பியபோது, கொண்டு வந்த சாமான்களில் ஒரு தொட்டிலும் இருந்தது. சாய்வான மெத்தைத் தொட்டில், தட்டிவிட்டால் தானாக ஆடும். மேடம் வீட்டுக் குப்பை வாளிக்குப் பக்கத்தில் புத்தம் புதுசாகக் கிடந்ததை, யா அல்லாஹ், இதையும் வீசுவார்களா என்று கேட்டு வாங்கி வந்தது. ஊரில் அதைச் சொல்லவில்லை, மேடம் ஆசையாய்த் தந்தது என்றாள். வெளிநாட்டுச் சாமான் என்றால் நம்ம ஆட்களுக்குக் கேள்வி கேட்கவா தோன்றும்?

அவள் வீடு இருந்த ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், தொட்டில் சொந்தக்காரியிடம் திரும்பி வருகிற வழக்கம் இல்லை. ஒரு பிள்ளை எழும்பி உட்கார்ந்ததும் அடுத்த பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போய்விடும். இரண்டு பிள்ளைகள் அதில் சுகமாகத் தூங்கி வளர்ந்தன. மூன்றாவது, அதே ஒழுங்கையில் இருந்த நஸ்லாவின் மகன், மூன்று மாதம். சுபஹுத் தொழுகைக்கு எழும்பிப் பார்த்தால் தலை முன்னுக்குச் சரிந்து, நாடி நெஞ்சில் குத்தி, உடம்பு குளிர்ந்து கிடந்தது.

ஜனாஸா வீட்டில் நஸ்லாவின் மாமி, அவள் புருஷனைப் பெற்றவள், தலையில் அடித்துக்கொண்டாள். பால் கொடுத்துத் தட்டி ஏப்பம் விடவைக்காமல் நஸ்லா போட்டுவிட்டாளாம், புரையேறிவிட்டதாம். ஹஃபீலாவாவது வாயை மூடிக்கொண்டு இருந்தாளா? ஓம், இந்தக் காலத்துப் பெட்டைகளுக்குப் பொறுமை ஏது என்று ஒத்து ஊதினாள். அன்றிலிருந்து ஒரு வருஷமாக அந்த வீட்டில் நஸ்லாவுக்குப் பெயர், பிள்ளையைத் தின்றவள்.

மௌத்தான பிள்ளையின் தொட்டிலை யாரும் வாங்கமாட்டார்கள். ஹஃபீலா அதை எடுத்து வந்து, பழைய துணியைக் கழற்றி எரித்து, புதுத் துணி தைத்துப் போட்டு, நடந்ததை மறைத்து, இரண்டு மாதத்துக்கு முன் நுரைச்சோலையில் பிள்ளை பெற்ற ஸபீனா வீட்டுக்கு அனுப்பினாள். பீடை துணியோடு போய்விட்டது என்று நினைத்தாள், பாவி.

போன வாரம் மேடத்தின் மகள் அரபியில் பேசி ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ஹஃபீலா தூக்கி வளர்த்த பிள்ளை அது, இப்போது அவளுக்கும் ஒரு குழந்தை. அந்தச் சாய்வுத் தொட்டிலில் யாரையும் போடவேண்டாம் என்றாள். அந்த மாதிரித் தொட்டிலில் தூங்கிய பிள்ளைகள் தலை முன்னுக்குச் சாய்ந்து மூச்சடைத்து மௌத்தானதால் கம்பெனியே எல்லாவற்றையும் திருப்பி எடுத்துவிட்டதாம், தன் உம்மா வீசியதும் அதனால்தானாம், ஹஃபீலா கேட்டபோது சொல்லாமல் விட்டுவிட்டாராம்.

ஹஃபீலா செருப்பைக்கூடத் தேடவில்லை, பஸ் ஏறிவிட்டாள். நுரைச்சோலையில் ஸபீனாவின் மகள் அதில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள், நாடி நெஞ்சைத் தொட்டபடி. ஓடிப்போய் அள்ளினாள். பிள்ளை வீரிட்டு அழுத பிறகுதான் இவளுக்கு மூச்சு வந்தது. ஸபீனாவிடம் விஷயத்தைச் சொல்லி, முற்றத்திலேயே கோடரி வாங்கித் தொட்டிலைக் கொத்திப் போட்டாள்.

நஸ்லாவிடம் சொல்வதா? அடக்கியதைத் தோண்டாதே, எல்லாம் அல்லாஹ்வின் ஏற்பாடு, சொன்னால் ஒழுங்கைச் சனமே உன் முகத்தில் காறித் துப்பும் என்றார் புருஷன் சாஹுல் ஹமீது. அவர் சொன்னதும் சரிதான். மூன்று நாள் ஹஃபீலா அந்தப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் போனாள்.

நஸ்லா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். குப்பை வாளியிலிருந்து தொடங்கி, ஜனாஸா வீட்டில் தான் பேசிய பேச்சு வரைக்கும் ஹஃபீலா ஒன்றையும் மறைக்கவில்லை. நஸ்லா மடித்த உடுப்பை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ராத்தா, மாமி குசினில நிக்கிறாங்க. இப்ப சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க. சத்தமா."

ஹஃபீலா சொன்னாள். குசினியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"இன்னும் சத்தமா" என்றாள் நஸ்லா.