வக்கீலம்மாவின் பன்னிரண்டு மணி நேரம்

தாழ்ப்பாள் முதலாளி தன் கம்பெனி வக்கீலம்மாவுக்கு நாற்பத்தோராயிரத்து நானூறு கடன்பட்டிருந்தார். மூன்று வருட வகுப்புக் கட்டணம் இருபத்தேழாயிரம். அந்த வகுப்புகளுக்குப் போனதற்காக அவள் சம்பளத்தில் பிடித்த ஆறு நாள் கூலி பதினாலாயிரத்து நானூறு. இதெல்லாம் கடன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அவர் ஒருவருக்கும் கடன் வைக்காத மனிதர்.

அப்படிச் சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமையும் இருந்தது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பத்தொன்பது வயதில் ஒரு பழைய சைக்கிள், பின்னால் ஒரு தகரப் பெட்டி, பெட்டி நிறைய தாழ்ப்பாள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "உங்க தாழ்ப்பாள் சத்தமே சரியில்லையேம்மா, ராத்திரி எப்படித் தூங்கறீங்க?" என்று கேட்டு விற்றவர். எழுபத்தொரு வயதில் அவரிடம் நூற்றி நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு தாழ்ப்பாளைத் தள்ளிக் காட்டினால் போதும், அது யாருடைய பட்டறையில் செய்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். இதில் துளிகூட மிகையில்லை. படித்தவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து போடுகிற கணக்கை அவர் நின்றபடியே போடுவார்.

படித்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதில் அவருக்குத் தனிச் சந்தோஷம். அதிலும் வக்கீலம்மா என்றால் ஒரு படி கூடுதல். ஒன்பது வருடமாக அவள் அங்கே இருந்தாள். பொருள் கட்டும் கூடத்தை ஒட்டிய கண்ணாடித் தடுப்பு அறை, ஒரு மேஜை, ஓடும்போது கழுத்தை ஆட்டும் ஒரு மின்விசிறி. ஒருமுறை பெரிய ஹோட்டல்காரன் ஒருவன் ஆறாயிரம் தாழ்ப்பாளைத் துருப்பிடித்ததென்று திருப்பி அனுப்பியபோது, ஒன்றரைப் பக்கக் கடிதம் ஒன்றில் அவனை வாயடைக்க வைத்தவள். வேலை இல்லாத கணவர், கல்லூரியில் படிக்கும் மகள் என்று அவள் வீடு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி, "என்கிட்ட ஒரு வக்கீல் இருக்கு" என்பார், வண்டி இருக்கு என்கிற மாதிரி.

மூன்று வருடத்துக்கு முன்னால் வக்கீல் கழகம் ஒரு விதி கொண்டுவந்தது. கம்பெனிக்குள் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் வக்கீல்களும் வருடத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து புதுச் சட்டங்களைக் கேட்க வேண்டும். உட்காராதவர்கள் தொழில் செய்ய முடியாது.

"படிச்சு முடிச்சவங்களுக்கு மறுபடி எதுக்கும்மா படிப்பு?" என்றார் முதலாளி. "நான் அஞ்சாவது. திரும்பி ஆறாவதுக்குப் போனேனா?"

"சட்டம் மாறிக்கிட்டே இருக்கு ஐயா."

"சரி, கட்டணத்தைக் கட்டு. ரசீதைக் குடு. கம்பெனி தரும்."

அவள் கட்டினாள். ரசீதைக் கொடுத்தாள். ரசீது அவர் மேஜை இழுப்பறைக்குள் போனது. அடுத்த வருட ரசீதும் அதன்மேல் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டு வருடமும் வகுப்புக்குப் போன மும்மூன்று நாளைச் சம்பளமில்லாத லீவில் எழுதச் சொன்னதும் அவர்தான். "அங்க ஏசி ரூம்ல உக்காந்து கேக்கறதுக்கு நான் கூலி குடுக்கணுமா?" என்று கணக்கரிடம் சொல்லிச் சிரித்தார். வக்கீலம்மா ஒருமுறை கேட்டாள், இரண்டாம் முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை.

மூன்றாவது வருடம் வேலை தலைக்குமேல் இருந்தது. புதிதாகக் கட்டும் ஓர் ஆஸ்பத்திரியின் நானூறு கதவுக்கும் தாழ்ப்பாள் கொடுக்கும் ஒப்பந்தம் கூடிவரும் நேரம். வருடம் முடிய நான்கு நாள்தான் பாக்கி. வக்கீலம்மா முதலாளியின் அறைக்கு வந்தாள்.

"ஐயா, எனக்குப் பன்னிரண்டு மணி நேரமும் பாக்கி இருக்கு. மூணு நாள் மத்தியானம் மட்டும் விடுங்க. கம்ப்யூட்டர்லயே பாத்துக்கலாம், இங்கயே உக்காந்துக்கறேன்."

"ஒப்பந்தம்?"

"காலையில பாக்கறேன்."

"காலையில மட்டும் பாத்தா முடியுமா? அவங்க மத்தியானந்தானே பேசக் கூப்பிடறாங்க?" முதலாளி யோசித்தார். "வீடியோ ஓடறப்ப நீ இருக்கேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 'இருக்கிறேன்'னு ஒரு பொத்தான் வரும். ஒரு நிமிஷத்துக்குள்ள அமுக்கணும். இல்லேன்னா அந்த மணி நேரம் கணக்குல வராது."

"யார் விரலுன்னு அதுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே ஐயா."

"அம்மா, ஒப்பந்தம் கைவிட்டுப் போச்சுன்னா நூத்தி நாப்பது பேருக்கு நீ சம்பளம் குடுப்பியா? கம்ப்யூட்டரை இங்க வை. நான் அமுக்கறேன். நீ போய் வேலையைப் பாரு."

அவள் போய்க் கம்ப்யூட்டரை எடுத்துவந்தாள். அதை அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

முதலாளி எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிறவர் இல்லை. மூன்று மத்தியானம், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், நாற்காலியை விட்டு நகரவில்லை. மொத்தம் எழுபத்திரண்டு தடவை பொத்தான் வந்தது. எழுபத்திரண்டு தடவையும் அமுக்கினார். கடைசியில் ஒரு வாக்குமூலம் வந்தது: 'இந்த வகுப்பு முழுவதையும் நானே இருந்து கேட்டேன்.' அதை மட்டும் அவளே அமுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கூப்பிட்டார். அவள் விரல் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது.

"அமுக்கும்மா. நேரமாச்சு."

அமுக்கினாள். ஒப்பந்தமும் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து முதலாளிகள் சங்கத்தில் ஒரு மதிய விருந்து. அவர் மனைவியும் போயிருந்தாள். பூட்டுக் கம்பெனிக்காரர் தன் பையன் வெளிநாட்டில் படிப்பதைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். தாழ்ப்பாள் முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"படிப்பெல்லாம் என்னங்க, நான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வக்கீல் படிப்பே படிச்சு முடிச்சுட்டேன்" என்று ஆரம்பித்தார். எழுபத்திரண்டு தடவை அமுக்கிய கதையை விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மேஜையே குலுங்கிச் சிரித்தது.

"அப்ப இனிமே எங்க கேஸை உங்ககிட்டயே குடுக்கலாம்" என்றார் பூட்டுக்காரர்.

"ஃபீஸ் அதிகம், பரவாயில்லையா?"

மறுபடி சிரிப்பு. பூட்டுக்காரரின் பக்கத்தில் அவர் கம்பெனி வக்கீல், ஒல்லியான ஆள், உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணி நேரமும் தானே உட்கார்ந்து கேட்டவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வக்கீல் கழகத்தின் விசாரணைக் குழுவிடமிருந்து, வக்கீலம்மாவின் பெயருக்கு. வகுப்பில் அவருக்குப் பதிலாக வேறொருவர் இருந்ததாகப் புகார். உண்மையென்றால் பெயரை வக்கீல்கள் பட்டியலிலிருந்து எடுக்கவும் கூடும்.

அவள் கடிதத்தோடு அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"ஐயா, யார்கிட்ட சொன்னீங்க?"

"நானா? நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது பொய் என்று அவருக்கே உறைத்தது. ஐம்பது வருடத்தில் வாங்குகிறவனிடம் விலையைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார், சரக்கைப் புகழ்ந்திருக்கிறார். இப்படி முகத்துக்கு நேரே ஒரு பொய் சொன்னதாக நினைவில்லை. வக்கீலம்மா கடிதத்தை மடித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் தட்டில் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"சொல்லலைன்னா சொன்னீங்க? நாலு மேஜைக்குக் கேட்டுச்சுங்க நீங்க சொன்னது. ஊருக்கெல்லாம் தாழ்ப்பாள் வித்தீங்க, உங்க வாய்க்கு ஒண்ணு போட்டுக்கலையே."

"நான் என்ன, அவ கெட்டுப்போகணும்னா சொன்னேன்?"

"இல்ல. உங்களைப் பெரிய ஆளுன்னு நாலு பேர் நெனைக்கணும்னு சொன்னீங்க. அதுக்கு அவ வேலை போகுது."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஆபீசுக்குப் போனதும் நேராகக் கண்ணாடி அறைக்குப் போனார். ஒன்பது வருடத்தில் அவர் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. எப்போதும் அவளைத்தான் கூப்பிட்டு அனுப்புவார். உட்கார இரண்டாவது நாற்காலிகூட அங்கே இல்லை என்பதை அன்றுதான் பார்த்தார்.

"நான்தாம்மா சொன்னேன். சங்கத்துல."

"தெரியும் ஐயா. உங்களைத் தவிர அது யாருக்கும் தெரியாதே."

"நான் வந்து சொல்றேன். நீதான் முழுக்க உக்காந்தேன்னு சத்தியம் பண்றேன். நான் சும்மா ஜம்பத்துக்கு அளந்தேன்னு சொல்லிடறேன்."

"ஒரு பொய்க்கே இந்தப் பாடு. இன்னொண்ணு வேண்டாம்." அவள் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். "நடந்ததை எழுதிட்டேன். எனக்குப் பதிலா வேறொருத்தர் அமுக்கினாங்க, வாக்குமூலத்தை நான்தான் குடுத்தேன், தப்பு என்னோடதுன்னு."

"என் பேரு?"

"போடலை."

அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திட்டியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பார். கழகத்தின் விதிப்புத்தகத்தைக் கணக்கரை விட்டு வாசிக்கச் சொன்னார். வேலை கொடுப்பவர் நிர்ப்பந்தித்தார் என்று தெரிந்தால் தண்டனை குறையும், பெயர் தப்பும் என்று அதில் இருந்தது. நிர்ப்பந்தித்தவர் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். அதாவது அவர் போய், படித்த ஐந்து பேர் முன்னால் உட்கார்ந்து, தன் யோக்கியதையைச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

நீளமான மேஜை, ஐந்து தண்ணீர்க் குவளை, ஐந்து பேர். நடுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள், தலைவர். ஓரத்தில் வக்கீலம்மா. சாட்சி நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. உட்கார்ந்ததும் அது பின்னால் ஓடியது.

"நீங்க யாருன்னு சொல்லுங்க."

"அஞ்சாவது படிச்சவன். ஆனா சைக்கிள்ல ஆரம்பிச்சு இன்னைக்கு நூத்தி நாப்பது பேருக்கு..."

"அது இருக்கட்டுங்க. அந்த மூணு நாள் என்ன நடந்தது?"

சொன்னார். ஒப்பந்தத்தைச் சொன்னார், சம்பளம் நீ குடுப்பியா என்று கேட்டதைச் சொன்னார், அமுக்கும்மா என்று அவசரப்படுத்தியதையும் சொன்னார். சத்தம் வழக்கத்தில் பாதிதான் வந்தது.

"பன்னிரண்டு மணி நேரமும் கேட்டீங்களா?"

"பொத்தானைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஆனா காதை மூடிக்கலையே."

"என்ன கேட்டுச்சு?"

அவர் தயங்கினார். "ரெண்டாம் நாள் ஒருத்தர் பேசினார். கம்பெனி வக்கீலுக்குச் சம்பளத்தை நீட்டறது முதலாளியா இருக்கலாம், ஆனா அவங்க வேலை பாக்கறது கம்பெனிக்கு, முதலாளிக்கு இல்ல. முதலாளி கோணல் வழியில போகச் சொன்னா முடியாதுன்னு சொல்றதும் அவங்க வேலைதான்னு சொன்னார்."

"அதைக் கேட்டு நீங்க என்ன நெனச்சீங்க?"

பதில் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இருக்க எத்தனையோ வழியும் தெரியும். வியாபாரத்தில் அவரை மடக்கிய ஆள் இதுவரை இல்லை. மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சிரிச்சேங்க. நல்லவேளை, அந்தம்மா இதைக் கேக்கலைன்னு நெனச்சேன்."

யாரும் எழுதவில்லை. ஒருவர் குவளையை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தார். தலைவர் தாளைப் புரட்டி அடுத்த கேள்விக்குப் போனார்.

"வகுப்புக் கட்டணத்தைக் கம்பெனி குடுக்குதா?"

வக்கீலம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருடைய மானத்தை அவள் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"குடுக்கறேன்னு நான் வாயால சொன்னேன். மூணு வருஷமாக் குடுக்கலை. வகுப்புக்குப் போன நாளுக்குச் சம்பளமும் பிடிச்சேன்."

காதுமடல் சுட்டது. சைக்கிளில் போன காலத்தில் நாயை அவிழ்த்துவிட்ட வீடுகள் உண்டு. அங்கெல்லாம் இப்படிக் கூசியதில்லை.

தீர்ப்பு ஒரு மணி நேரத்தில் வந்தது. பெயர் தப்பியது. மூன்று மாதம் வக்கீல் வேலை பார்க்கக்கூடாது. விட்ட பன்னிரண்டு மணி நேரத்தோடு இன்னொரு பன்னிரண்டும் சேர்த்து, நேரில் போய் உட்கார வேண்டும். படிக்கட்டில் இறங்கும்போது முதலாளி மெதுவாகக் கேட்டார்.

"மூணு மாசச் சம்பளத்தை என்ன பண்ணணும்மா? குடுக்கலாமா? சட்டம் என்ன சொல்லுது?"

"என்கிட்ட கேக்காதீங்க ஐயா. நான் இப்ப வக்கீல் இல்லை."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன முகம் காட்டுவதென்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று மாதமும் முழுச் சம்பளம் என்று கணக்கரிடம் அன்றே எழுதிக் கொடுத்தார். பழைய பாக்கி மிச்சமிருந்தது.

மறுநாள் காலை ஆளை அனுப்பாமல் தானே வங்கிக்குப் போய் வரிசையில் நின்றார். தன் சொந்தக் கணக்கில் பணம் எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்கு வந்தார். வக்கீலம்மா கோப்புகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் உறையை நீட்டினார்.

"கணக்கர்கிட்ட சொல்லி வங்கியில போடச் சொல்லுங்க ஐயா."

"இது கம்பெனிப் பணம் இல்லம்மா. நான் சொல்லிட்டுக் குடுக்காதது. நானே குடுக்கணும்."

அவள் உறையை வாங்கவில்லை. கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு வெறும் உள்ளங்கையை நீட்டினாள்.

"அப்ப எண்ணிக் குடுங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளி எண்ண ஆரம்பித்தார். சீட்டுக்கட்டு மாதிரி நோட்டைத் தள்ளுகிற விரல் அது. அன்றைக்கு இருபத்தெட்டாவது நோட்டில் தடுமாறியது. அவள் கையிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, முதலிலிருந்து, அந்தப் பக்கம் கேட்கும்படி வாய்விட்டு எண்ணினார். ஐந்நூறு நோட்டு எண்பத்திரண்டு. அதன்மேல் நூறு நோட்டு நாலு. ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துவிட்டு, கடைசி நூறையும் அவள் விரித்த கையில் வைத்தார்.